எழுவதற்கு அவகாசம்

தவணைத் தேர்ச்சி அறிக்கைகளைக் கணினியிற் காக்கும் இந்நாளில், மின்வெட்டின்பின் தரவுத்தளச் சேவையகம் எழச் சுணங்கின் நாம் கலங்குகின்றோம். அச்சுணக்கம் பழுதன்று. போஸ்ட்கிரெஸ், முன்னர் எழுதிவைத்த மாற்றக் குறிப்பேட்டைப் படித்துத் தரவைச் செப்பஞ்செய்த பின்னரே பணியேற்கும். லினக்ஸிற் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியோ, வேறு கட்டளை இன்றேல், 90 வினாடிகளே பொறுக்கும். அதற்குள் 'ஆயத்தம்' என்னும் செய்தி வாராவிடின் சேவையகத்தை நிறுத்திவிடும். மீண்டும் எழுப்பின் செப்பஞ்செய்தலும் முதலிலிருந்தே தொடங்கும். 90 வினாடிக்குள் முடியாத வேலை முடியாமலே போகவுங் கூடும். ஆதலின் 'டைம்அவுட்செக்' என்னும் கால எல்லையை 'இன்ஃபினிட்டி', அதாவது முடிவிலி, என அமைக்குமாறு போஸ்ட்கிரெஸ் கையேடு அறிவுறுத்துகின்றது. நாமும் அவ்வாறே அமைப்பித்தோம். அடுத்த மின்வெட்டின்பின் புள்ளிகள் யாவும் மீண்டன. விடை கூறத் தாமதிக்கும் மாணாக்கனுக்கும் இத்தகைய அவகாசம் நல்குதல் நம் கடனன்றோ?