கோகோ கோலா கணக்கு

பி.காம். படித்ததில் ஒரு சங்கடம். நல்ல பாட்டு கேட்டால், 'ஆஹா' சொன்ன கையோடு, 'இதுல காசு யாருக்குப் போயிருக்கும்?' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். சமீபத்தில் அப்படி மாட்டியது, 'ரம் அண்ட் கோகோ கோலா'.

ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் என்ற மூன்று சகோதரிகள் பாடி, 1945-ல் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய பாட்டு. ஓசி விளம்பரம் ஆகிவிடும் என்று ரேடியோ கம்பெனிகள் தயங்கியும், பத்து வாரம் நம்பர் ஒன்! கேட்டுப் பாருங்கள், கால் தானாகத் தாளம் போடும்.

விஷயம் என்னவோ வயிற்றெரிச்சல். டிரினிடாட் அப்போது பிரிட்டிஷ் காலனி. இரண்டாம் உலகப் போருக்காக அங்கே முகாம் போட்ட அமெரிக்க சிப்பாய்களின் கையில் டாலர், உள்ளூரில் வறுமை. தாயும் மகளும் அந்த டாலருக்காக என்ன ஆனார்கள் என்பதை, லார்ட் இன்வேடர் என்ற பாடகர் கலிப்ஸோவாகக் கட்டினார். கலிப்ஸோ என்றாலே ஊர் வம்பு, அரசியல், நையாண்டிதான். பாட்டாக வரும் பத்திரிகை. நம்ம ஜாதி!

சிப்பாய்களைச் சிரிக்கவைக்க அங்கே போன மோரி ஆம்ஸ்டர்டாம் என்ற காமெடியன், ஊர் திரும்பி, வரிகளைக் கொஞ்சம் மாற்றி, தன் பெயரில் போட்டுக்கொண்டார். ஆனால், 1943-லேயே பாட்டு டிரினிடாடில் சின்னப் புத்தகமாக அச்சாகி இருந்தது. கேஸ் நியூயார்க் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. மெட்டு, லயனல் பெலாஸ்கோ 1906-ல் போட்டது. அதற்குத் தனி கேஸ், அதுவும் ஜெயித்தது.

1956-ல் ஹாரி பெலஃபான்டேவின் 'கலிப்ஸோ' ஆல்பம். 31 வாரம் முதலிடம். ராக் அண்ட் ரோலுக்கே இனி மூடுவிழா என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. அதில் எல்லாரும் ஆடிய 'டே-ஓ', சரியாகச் சொன்னால் கலிப்ஸோவே இல்லை. ராத்திரி முழுக்கக் கப்பலில் வாழைத்தார் ஏற்றிய ஜமைக்காக் கூலிகளின் பாட்டு. விடிந்தாச்சு, கணக்குப்பிள்ளை வந்து தாரை எண்ணினால்தான் வீட்டுக்குப் போக முடியும். பெலஃபான்டேவின் அம்மா ஜமைக்காக்காரர். அவரும் சின்ன வயசில் சில வருடங்கள் அங்கே வளர்ந்தவர். தெரிந்துதான் பாடினார். ஆடினவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ராயல்டியை கோர்ட்டில் வாதாடி வாங்கிவிடலாம். 'இது கொண்டாட்டம் இல்லை சார், புலம்பல்' என்று எந்த கோர்ட்டில் போய்ச் சொல்வது? அந்தக் கணக்கை மட்டும் எந்த கணக்குப்பிள்ளையும் நேர்செய்யவில்லை.