மரத்துக்காக வளையும் நேரம்

கொழும்பு - கண்டி வீதியிற் பயணஞ் செய்வோர்க்கு வரக்காப்பொல என்றதும் தலகுலியும் அக்கலாவும் விற்கும் கடைகளே நினைவில் எழும். பேருந்து தரித்து நிற்கும் சில நிமிடங்களுக்குள் பொதியொன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவோர், அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்பதையும் அவற்றிடையே லயங்கள் இருப்பதையும் அறிவது அரிது. 1876ஆம் ஆண்டு ஹெனரத்கொடப் பூங்காவில் முதன்முதல் ஊன்றப்பட்ட இப்பயிர், கேகாலை மாவட்டத்துத் தோட்ட மக்களின் உறக்கத்தையும் விழிப்பையும் தன் இயல்புக்கேற்ப வகுத்துவிட்டது.

இறப்பர் மரத்திற் பால் விடியற்காலையிலேதான் நன்கு ஒழுகும். வெயில் ஏற ஏற இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் பட்டையினுள் அமுக்கம் தளர்கிறது, ஒழுக்குக் குறைகிறது. ஆகவே பால் வெட்டுவோர் இருள் பிரியும் வேளையிலேயே பிரட்டுக்களத்திற்கு வந்துவிட வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 300 மரங்கள் வரை ஒருவர் பொறுப்பில் இருக்கும். வெட்டி முடித்து, சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, நிறுவைக்குக் கொடுத்த பின்னரே ஒரு பேர் கிடைக்கும்.

வரக்காப்பொலையை அடுத்த தோட்டமொன்றிற் பதினாறு ஆண்டுகள் பால் வெட்டிய ஒரு தாய்க்கு, மகள் முதலாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டிலே ஓர் இடர் நேர்ந்தது. கணவருக்குக் கொழும்பிலே கடை வேலை. பிள்ளையைப் பெருவீதி வரை நடத்திச் சென்று பேருந்தில் ஏற்றிவிட்ட மாமியார் பாரிசவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்தார். ஒருநாட் காலை அப்பெண் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்:

“ஐயா, பள்ளிக்கூடம் இருக்கிற நாளைக்கு மட்டும் அரை மணித்தியாலம் பிந்தி வர்றேங்க. மத்தியானம் நின்னு வேலைய முடிச்சுக் குடுத்துர்றேன்.”

“ஒனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. பிந்தி வந்தா அரைப்பேர்தான்.”

பேச்சு அவ்வளவில் முடிந்தது. மறுப்பிற் கடுமையிருந்தது என்று சொல்வதற்கில்லை. கணக்கப்பிள்ளையும் மேலே பதில் சொல்லவேண்டியவரே. மரம் காத்திராது என்ற நியாயத்தையும் அவர் எடுத்துரைத்திருக்கலாம். அந்நியாயம் பொய்யன்று.

ஆயின், இரவிலே மழை பெய்த நாட்களில் நிகழ்வதை ஈண்டு நோக்குதல் வேண்டும். மரம் நனைந்திருந்தால் வெட்டிய பால் பீலியின் வழியே செல்லாது பட்டையில் வழிந்து வீணாகும். ஆகவே மரம் உலரும்வரை தொழிலாளர் காத்திருப்பர். எட்டு மணியானாலும் ஒன்பது மணியானாலும் காத்திருப்பர். அன்று பிந்தியதற்காக எவரும் எவரையும் கடிந்துகொள்வதில்லை. குறைந்த பாலும் ஏற்கப்படும். தோட்டத்தின் நேரம் வளையாத நேரமன்று. மரத்துக்காக வளைகிறது, மழைக்காக வளைகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்காக மட்டுமே அது இரும்பாகி நிற்கிறது.

அப்பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது நிலைமை வேறு. பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு நாளில் இருமுறை பாலூட்ட இடைவேளை அளிக்கிறது. தோட்டங்களிற் பிள்ளை மடுவமும் உண்டு. பாலூட்டும் தாயை அறிந்த ஒழுங்கு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தாயை அறியவில்லை.

‘எல்லாரும் கேட்பார்கள்’ என்ற அச்சமே ஆராயத்தக்கது. எல்லாரும் கேட்பரெனின் அது ஒருத்தியின் சலுகையன்று. லயத்தின் பொதுத் தேவை. அதற்கு வழிகளும் பல உள. லயத்துக்கு அண்மையிலுள்ள மரங்களை அப்பெண்ணுக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். பெருவீதியோரத்தில் வெட்டுபவர் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு வர, அவருக்கு முழுப்பேர் போட்டிருக்கலாம். ஒரு மாதம் அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்து, நிறுவையில் உண்மையாகவே எத்தனை கிலோ குறைகிறது எனக் கணக்கெடுத்திருக்கலாம். தராசு தோட்டத்தின் கையிலேதானே இருந்தது!

பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டு சிறு பிள்ளைகளின் பெற்றோர்க்கு வேலைநேரத்தை மாற்றித் தருமாறு கேட்கும் உரிமை சட்டமாயிற்று. 2014இல் அது ஏனைய ஊழியர்க்கும் விரிந்தது. 2024 ஏப்ரல் முதல் வேலையிற் சேர்ந்த நாளிலிருந்தே கேட்கலாம். அங்கும் முதலாளி மறுக்கலாம். ஆனால் ஊழியருடன் கலந்து பேசாமல் மறுக்க இயலாது, சட்டம் வகுத்த காரணங்களுள் ஒன்றையும் காட்ட வேண்டும். உரிமை என்பது கேட்டது கிடைப்பதன்று; கேட்டதற்கு ஆராய்ந்த விடை கிடைப்பது. இங்கோ கேள்வியும் விடையும் பிரட்டுக்களத்துக் காற்றோடு போய்விடுகின்றன.

தோட்டத்துறை வருகையைப் போற்றிய முறையும் ஒன்றிருந்தது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாவில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தோர்க்கே அது உரியது. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அது நீங்கியது. வந்தவரை எண்ணினார்கள், வர இயலாதவர் ஏன் வரவில்லை என்று வினவும் நிரல் அக்கணக்கேட்டில் இல்லை.

அத்தாய் சில வாரங்கள் அரைப்பேருக்கு வேலை செய்தார். சில நாட்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பின்னர் அவர் பால்வெட்டுக் கத்தியை ஒப்படைத்துவிட்டு, வரக்காப்பொல நகரில் எட்டு மணிக்குத் திறக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பால் வெட்டுவோர் கிடைப்பது அருகிவிட்ட காலம் இது. அவர் பொறுப்பிலிருந்த மரங்கள் மூன்று மாதம் வெட்டப்படாமல் நின்றன. அதன்பின் கை பழகாத இளைஞரொருவரிடம் கொடுக்கப்பட்டன. பட்டையைக் கடந்து கட்டைவரை கத்தி இறங்கிய இடங்களில் இப்பொழுது முடிச்சு முடிச்சாகத் தழும்பேறியிருக்கிறது. அவ்விடங்களில் மறுபடியும் சீராக வெட்ட இயலாது.