கரை உடைந்தால் யார் பொறுப்பு?

அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வேண்டிய தண்ணீர்தான். முகப்பேர், அம்பத்தூர் நெரிசலுக்கு நடுவே இத்தனை அகலமான வானம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால், ஒரு மண் கரையின் ஆரோக்கியம் தெரிவது ஊர்ப் பக்கம் இறங்கும் சரிவில்.

மழை விட்ட ஒரு காலையில், ஓய்வு பெற்ற ஒருவர் அந்தச் சரிவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கீழே எதையாவது போட்டுட்டீங்களா?"

"இல்லைம்மா. அடியில ஈரமா இருக்கு பாரு. ஏரித் தண்ணி கசியுதா, மழைத் தண்ணியான்னு பார்க்கிறேன்."

"ஏரி கவர்மென்ட்டோடது. அவங்க பார்த்துப்பாங்க, வாங்க!"

மழை ஈரம்தான். ஆனாலும் அவர் பார்த்தது சரியான இடம். மண் கரையில் லேசான கசிவு இயல்பு. தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால், கரையின் மண்ணையே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துளை... அரிப்பு தொடங்க இவ்வளவு போதும். இன்னொரு ஆபத்து, தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. உபரி நீர் போகக் கலங்கல் கட்டியது அதற்காகத்தான். 'கொஞ்சம் கூடுதலாகத் தேங்கட்டுமே' என்று அதன் மேல் மணல் மூட்டை அடுக்குவது வினையை விலைக்கு வாங்குவது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதுதான் நடந்தது. பணக்காரர்களின் கிளப் ஒன்று, மீன் பிடிக்கவும் படகு விடவும் ஒரு பழைய மண் அணையை வைத்திருந்தது. மீன் தப்பக்கூடாது என்று உபரி நீர் வழியில் கம்பி வலை. வண்டி போக வசதியாக அணையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். முந்தைய உரிமையாளர் கழற்றி விற்ற அடிக் குழாய்களைத் திரும்பப் போடவே இல்லை. 1889 மே 31, பெருமழையில் அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் இறந்தார்கள். வழக்குப் போட்டவர்களுக்குக் கிளப்பிடமிருந்து ஒரு காசு கிடைக்கவில்லை!

நம் பக்கத்து வழக்கு வேறு மாதிரி. கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சேதம். கம்பெனி நஷ்டஈடு கேட்டது. தன் நிலத்தில் தேக்கிய நீர் வெளியேறிக் கேடு செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868-ல் இங்கிலாந்தில் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் 1874-ல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது. அந்த ஏரிகள் காலங்காலமாக ஊர் பிழைக்க இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, கவனக்குறைவு இல்லாதபோது அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால், பண்ணை வீட்டில் மீனுக்கும் பொழுதுபோக்குக்கும் மண் கரை போட்டுக் குளம் அமைப்பவர் இந்த நிழலில் ஒதுங்க முடியாது. அவர் தேக்கியது தன் ஆசைக்கு. 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டமோ 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றையும்தான் கவனிக்கிறது. சின்னக் கரைகளுக்குக் கட்டியவரின் கண்தான் காவல்.

அயனம்பாக்கம் போன்ற அரசு ஏரிகளைப் பார்க்க நீர்வளத்துறை இருக்கிறது. ஆனால் தினமும் கரையில் நடப்பது ஊர்க்காரர்கள். கலங்கிய கசிவோ புது விரிசலோ கண்ணில் பட்டால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. போட்டோ எடுக்கும் போன் கையில்தானே இருக்கிறது!