வேனுக்கும் ஓர் ஆண்டாய்வு



மே மாதம் பாதி போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பள்ளி திறந்துவிடும். என்னிடம் படித்த உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள். நோட்டுக்கு அட்டை போடுவது, யூனிபார்ம் தைக்கக் கொடுப்பது, ஷூ வாங்குவது என்று வீடு அமளிப்படும். அந்த வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. உங்கள் பிள்ளை ஏறப்போகும் வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதா என்று பாருங்கள்.

"கணக்கு டீச்சருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். போன வாரம் வரை எனக்கும் அதிகம் தெரியாது. என்னிடம் எட்டாவது படித்த ஒருவன் நம் ஊரில் சொந்தமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறான். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பம் போட உதவி கேட்டு வீட்டுக்கு வந்தான். கட்டணத்தைக் கட்டி, தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். பிறகு, "நானும் வந்து பார்க்கிறேன்டா" என்று வேனில் ஏறிக்கொண்டேன். "வெயில்ல எதுக்கு டீச்சர் உங்களுக்கு?" என்றான். ஓய்வு பெற்றவளுக்கு வெயில் என்ன, நிழல் என்ன! அவன் பெயரை எழுதவில்லை. நடந்ததை எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி. என்றால் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட், அதாவது தகுதிச் சான்று. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகளுக்கும், பள்ளிப் பேருந்துகளுக்கும் இது கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இந்தச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டியைச் சட்டம் முறையாகப் பதிவு செய்த வண்டியாகவே எடுத்துக்கொள்ளாது. ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும் எஃப்.சி. காலாவதி ஆகிவிட்டால் அந்த வண்டி சாலைக்கு வரக்கூடாது. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். நம் பையனுடைய வேன் 2014ஆம் ஆண்டு வண்டி. ஆகவே அவனுக்கு வருடா வருடம் பரீட்சை.

இந்தப் பரீட்சையை நடத்துபவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் மக்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கை மட்டும் பார்ப்பவர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அங்கே போன பிறகுதான் எத்தனை பாடங்கள் என்று தெரிந்தது. சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை வண்டியோடு ஒப்பிடுகிறார். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கை பிரேக், ஸ்டியரிங், டயரின் பட்டன், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசரக் கதவு, தீயணைப்புக் கருவியின் தேதி, முதலுதவிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வரை பார்க்கிறார். இன்சூரன்சும் புகைச் சான்றும் வரி ரசீதும் தனி.

இதையெல்லாம் கண்ணாலும் கையாலும் பார்ப்பதற்குப் பதிலாக இயந்திரத்தால் பார்ப்பதற்கென்று, தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. அத்தகைய நிலையத்தில் வண்டியின் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாகவே அளந்துவிடலாம். கணக்கு டீச்சருக்கு எண் என்றால் பிடிக்கத்தானே செய்யும்.

ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் நின்றபோது எனக்கு நம் பள்ளி ஆண்டாய்வுதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே சுவரில் சார்ட் ஏறும். கரும்பலகைக்குக் கரி பூசுவோம். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆய்வகச் சாமான் இரவல் வரும். மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். மைதானத்திலும் அதே கதைதான். வரிசையில் நின்ற வண்டிகளில் பாதி புதுப் பெயிண்டில் பளபளத்தன. "எஃப்.சி.க்குன்னு நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிட்டு வர்றவங்களும் இருக்காங்க டீச்சர். முடிஞ்சதும் கழட்டித் திருப்பிக் கொடுத்துடுவாங்க" என்றான் பையன். தீயணைப்புக் கருவியும் அப்படிக் கை மாறுமாம்.

அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. முன்பக்கம் இரண்டு டயர் புதிதாகப் போட்டிருந்தான். பிரேக் லைனிங் மாற்றியிருந்தான். பட்டறையில் டிங்கர் வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. தரையில் புது மேட் விரித்திருந்தான். உள்ளே ஏறியபோது புது வீடு மாதிரி வாசனை.

ஆய்வாளர் வயதில் சின்னவர். அதிகம் பேசவில்லை. வெளியே எல்லாம் பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். "மேட்டைத் தூக்குப்பா" என்றார். பையன் தயங்கினான். கடைசி வரிசை சீட்டுக்குக் கீழே, சக்கரம் இருக்கும் பக்கத்தில், தகடு துருப்பிடித்துப் பொரிந்து கிடந்தது. ஆய்வாளர் ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். உதிர்ந்தது. கீழே மண் தெரிந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை.

"சார், சீட்டுக்கு அடியிலதான் சார் இருக்கு. மேலே மேட் வேற போட்டிருக்கேன்" என்றான் இவன்.

அவர் கோபப்படவில்லை. "இந்த சீட்டுல யார் உக்காருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு யூகேஜி பாப்பா சார்."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. தகடு மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வெளியே டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "இதுக்கெல்லாம் வழி இருக்கு தம்பி, நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்று பக்கத்தில் வந்தார். பையன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வயது ஆளுக்கு நான் விடை சொல்லிக்கொடுக்க முடியாது. அவன் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "ஏறுங்க டீச்சர், பட்டறைக்குப் போயிட்டுப் போலாம்" என்றான். நான்கு நாள் கழித்துப் புதுத் தகட்டோடு மறுபடியும் போனோம். ஆய்வாளர் மறக்காமல் அதே இடத்தில் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். சான்று கிடைத்தது.

உள்ளங்கை அளவு ஓட்டைக்கு இவ்வளவா என்று யாருக்காவது தோன்றினால், 2012ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் பக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் செய்தியைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான், அதே ஆண்டில், பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் கலெக்டரும் போக்குவரத்து அதிகாரிகளும் போலீசும் ஒரே மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதைச் செய்தியில் பார்க்கிறோமே, அந்த ஆய்வுக்குப் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்தான். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. நான் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க இதே வரிசையைத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு குழந்தை போகும், பிறகு ஒரு விதி வரும். வந்த விதியையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா?

இனி பெற்றோராகிய உங்களுக்கு. கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பையன் வேனில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். மாதம் ஆளுக்கு 1,200 ரூபாய். மொத்தம் 13,200. டீசல், டியூ, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். வருடத்தில் பத்து மாதம்தான் இந்த வருமானம். ஏப்ரல் பாதியோடு பள்ளி முடிந்தால் ஜூன் வரை வேன் சும்மா நிற்கும், காசும் வராது. எஃப்.சி. வேலை வருவதோ சரியாக அந்த மே மாதத்தில். கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் பெரிய செலவு வருகிறது. துருப்பிடித்த தகட்டின் மேல் மேட் விரிக்கும் எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். அவன் செய்ய நினைத்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூறு ரூபாய்க்கு அவனிடம் பேரம் பேசிவிட்டு, பாதுகாப்பு மட்டும் முழுசாக வேண்டும் என்று கேட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

எங்கள் தெருவில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் ஏழு வீட்டார் ஜூன் மாதக் கட்டணத்தை மே மாதமே கொடுத்தார்கள். 8,400 ரூபாய். யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. முன் டயர்களுக்குக் கடன் வைத்திருந்த கடைக்கு அவன் அந்தப் பணத்தைத்தான் கொடுத்தான். நீங்கள் இருக்கும் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று. வெள்ளை போர்டு வண்டியில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டிக்கு, பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை எந்த ஆய்வாளரும் அதன் பிரேக்கைப் பார்ப்பதில்லை. புகைச் சான்று எடுத்திருக்கிறோமே என்பார்கள். அது புகையை மட்டும்தான் பார்க்கும், தரையில் ஓட்டை இருந்தால் அதற்குத் தெரியாது. வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு. "மாசம் இருநூறு கம்மி" என்று வெள்ளை போர்டு ஆம்னியில் பிள்ளைகளை அடைத்து அனுப்பும்போது, அந்த இருநூறுக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று யோசியுங்கள்.

சரி, வீட்டுப்பாடம். டீச்சர் சும்மா விடுவேனா?

ஒன்று, செல்போனில் எம்பரிவாஹன் செயலியை ஏற்றுங்கள். வேனின் பதிவு எண்ணைப் போட்டால் எஃப்.சி.யும் இன்சூரன்சும் எந்தத் தேதிவரை என்று வந்துவிடும். இரண்டே நிமிஷ வேலை.

இரண்டு, ஒருநாள் நீங்களே வேனுக்குள் ஏறுங்கள். உங்கள் பிள்ளை உட்காரும் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அவசரக் கதவைத் திறந்து பாருங்கள். அதன் முன்னால் ஸ்டெப்னியோ பையோ அடைத்துக் கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று, டிரைவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையை ஏற்றிவிடும்போது அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள். மழை நாளில் பிரேக் இழுக்கிறது என்றால் அவர் உங்களிடம் தயங்காமல் சொல்கிற அளவுக்குப் பழக்கம் இருக்கட்டும். ஆய்வாளர் பார்ப்பது வருடத்தில் ஒருநாள். மிச்ச நாளெல்லாம் அந்த வண்டியைப் பார்ப்பவர்கள் அவரும் நீங்களும்தான்.

உங்களில் வேனோ ஆட்டோவோ ஓட்டுகிற பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே வண்டியைப் பட்டறையில் காட்டிவிடுங்கள். விண்ணப்பம் போடத் தெரியவில்லை என்றால் இடைத்தரகரிடம் போகாமல் என் வீட்டுக்கு வாருங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரை பொறுத்திருந்தால் போதும், நானே போட்டுத் தருகிறேன். காபியும் உண்டு.

வீட்டுப்பாடம் முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். முடிக்காதவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும், பழைய பழக்கம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்