கேட்டவையும் கூட வந்தவையும்

அண்ணன் மறைந்த மூன்றாம் மாதம் அவருடைய மடிக்கணினி என்னிடம் வந்தது. "எனக்கு எதுக்கு தம்பி இது, நீங்களே கொண்டு போங்க" என்ற மதினி, கடவுச்சொல்லைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதித் தந்தார். டெபியன் லினக்ஸ் இயங்கும் கணினி. 1993இல் இயன் மர்டாக் அதைத் தொடங்கியபோது, காதலி டெப்ராவின் பெயரின் முற்பகுதியோடு தன் பெயரையும் சேர்த்துச் சூட்டினார் என்பதை அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். ஏற்கெனவே கேட்டவர்களிடமும் சொல்வார்.

வன்தட்டில் இடமில்லை. காரணம் எளிதில் விளங்கியது. இப்போது பலரும் தட்டுகிற 'ஆப்ட்' கட்டளை, நிறுவி முடித்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும். அண்ணனோ பழைய 'ஆப்ட்-கெட்'டையே விடாமல் பிடித்திருந்தார். அது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். 'ஆப்ட்-கெட் கிளீன்' என்ற ஒரே கட்டளையில் வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. அத்தோடு எழுந்திருக்கலாம். இன்னும் எதை நீக்கலாம் என்று பார்க்கப்போய், நிறுவல்களின் பதிவேட்டைத் திறந்தேன்.

எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை, கேட்டவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேட்ட பொதிக்குத் துணையாக வந்தவற்றின் அருகே 'ஆட்டோமேடிக்' என்ற குறிப்பு நிற்கும். ஜூனில், திரையைப் பெரிதாக்கிக் காட்டும் 'கேமேக்'. ஆகஸ்டில், எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் 'ஈஸ்பீக்-என்ஜி'. தமிழையும் படிக்கும், இயந்திரக் குரலில். அக்டோபரில், அதிகாலை மூன்றேகாலுக்கு, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் 'ஆர்கா'. மூன்றின் அருகிலும் அந்தக் குறிப்பு இல்லை. அவரே கேட்டவை.

கண் மங்கிக்கொண்டிருந்ததை அவர் எங்களில் எவரிடமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு நான் அனுப்பிய கட்டுரைகளுக்கெல்லாம் 'அப்புறம் படிக்கிறேன்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கும் ஊருக்குப் போகவில்லை.

இந்தப் பதிவேடு மாதந்தோறும் தனிக்கோப்பாக மடிக்கப்படும்; பன்னிரண்டு கோப்புகளுக்கு மேல் தங்காது. புதிதாக எதுவும் நிறுவாதவரை பழையது அப்படியே கிடக்கும். நான் புழங்கப் புழங்க அண்ணனுடைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். முதல் வேலையாக நகலெடுத்து வைத்தேன். ஈஸ்பீக்கை நீக்கவில்லை. மதினியிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

பிறகு நிலுவையிலிருந்த மேம்படுத்தல்களை நிறுவினேன். அவருடைய கணக்கிலேயே நுழைந்திருந்ததால், கேட்டவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரே பதிவாயிற்று.