அப்பா போட்ட தளத்துக்கு மேலே

கொங்குப் பக்கம் வாசல்னா கதவு இல்லீங்க, வீட்டுக்கு முன்னாடி கிடக்கிற வெட்டவெளி. எங்க வாசலுக்கு அப்பா சிமெண்டுத் தளம் போட்டது 1996-ல். மண் வாசலைச் சாணி போட்டு வழிச்சு வழிச்சு அம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போச்சுன்னுதான் போட்டார். கடலை, மக்காச்சோளம் எல்லாம் அதுலதான் காயும்.

போன ஆடியில, விடியக்காலை கோலம் போட வந்த அம்மா, வேப்பமர வேர் தூக்கிவிட்ட விரிசல்ல கால் இடறி விழுந்துட்டாங்க. மணிக்கட்டுல முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. இதுக்கு மேலயும் தள்ளிப்போட முடியாது.

முதல்ல வந்த கான்ட்ராக்டர், "பழசு மேலயே பேவர் பிளாக்கை அடுக்கிடலாங்ண்ணா, ரெண்டே நாள்" அப்படின்னார். உடைச்சு அள்ளிக் கொட்டுற செலவு மிச்சம். எனக்கும் ஆசைதான். ஆனாலும் மனசு கேக்காம, அப்பா தளம் போட்டப்ப சித்தாளா இருந்து இப்ப மேஸ்திரியா இருக்கிறவரைக் கூப்பிட்டேன்.

அவர் கடப்பாரையைத் தலைகீழாப் பிடிச்சு வாசல் முழுக்கத் தட்டிக்கிட்டே போனார். கெட்டியா இருக்கிற இடத்துல கணீர்னு கேட்டுச்சு, வேப்பமரத்துப் பக்கம் பொத்துனு கேட்டுச்சு. அப்புறம் நாலு குடம் தண்ணியக் கொட்டச் சொன்னார். பாதித் தண்ணி திண்ணையப் பாத்து வந்துச்சு.

"தம்பி, கல்லு இடுக்குல இறங்குற தண்ணி மண்ணுக்குப் போகாதுங்க. கீழதான் காங்கிரீட் இருக்குதே? மணலுக்குள்ளயே நின்னு, மணலையும் அரிச்சுட்டுப் போயிரும். கல்லு ஆடும். அம்மா மறுபடியும் விழுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்குச்சு.

அவர் சொன்னபடியே செஞ்சோம். பொத்தலா இருந்த இடத்தை உடைச்சு எடுத்து, மரத்தைச் சுத்தி நாலடி மண்ணாவே விட்டாச்சு. திண்ணைப் பக்கம் பள்ளமா இருந்ததைக் கலவை போட்டு, நாலடிக்கு முக்கால் அங்குலம் வெளிப்பக்கமா வாட்டம் எடுத்தார். மணலைக் கூட்டிக் குறைச்சு வாட்டம் கொண்டுவந்தா பின்னாடி அங்கதான் குழி விழுமாம். தண்ணி தேங்குற ஓரத்துல தளத்தை மண் வரைக்கும் துளை போட்டு ஜல்லி நிரப்பி, தண்ணிய மட்டும் விட்டு மணலை விடாத துணியை மேல விரிச்சார். சுத்தியும் ஓரக்கல் கட்டினதுக்கு அப்புறம்தான் ஒரு அங்குலத்துக்கு எம் சாண்ட், அதுக்கு மேல 60 மில்லிமீட்டர் கல். டிராக்டர் ஏறணும்னா 80 வேணுமாம். டிராக்டர் வெளியவே நிக்கட்டும்னு விட்டுட்டேன். எல்லாம் சேர்ந்து ரெண்டு நாள் வேலை எட்டு நாள் ஆச்சு.

தளம் மூணரை அங்குலம் உசந்ததுல, ஆறு அங்குல வாசப்படி ரெண்டரை ஆயிருச்சு. அதை முன்னாடியே கணக்குப் பண்ணித்தான் வாட்டம் எடுத்தோம். ஆனா எல்லாத்தையும் அளந்த நாங்க, உள்பக்கமாத் திறக்கிற இரும்புக் கேட்டை அளக்கலை! வேலை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் இழுத்தா கல்லுல முட்டி நிக்குது. வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டி வந்து அடியில நாலு அங்குலம் அறுத்தோம். நீங்க செஞ்சா கேட்டையும் அளந்துக்கோங்க.

கிழக்குப் பக்கத் தளம் மட்டும் நல்லா இருந்ததால அப்படியே விட்டுட்டோம். கல்லு இடுக்குல மக்காச்சோளத்தைக் கொட்டினா யாரு பொறுக்கிறது? அதோட, ஈரச் சிமெண்டுல அப்பா கரண்டியால கீறின '1996' அங்கதான் இருக்கு.

ஐப்பசியில ராத்திரி முழுக்க மழை பெஞ்சு ஊத்துச்சு. டார்ச் அடிச்சு நாலு தடவை எட்டிப் பாத்தேன். திண்ணை நனையலை. தண்ணி பூரா தென்னைமரத்துக்குப் போயிருச்சு.

கோலமாவு இடுக்குல இறங்குதுன்னு அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாங்க. இப்ப ஊடுபுள்ளிக் கோலமாத்தான் போடுறாங்க. செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்கியிருக்கிறதால, "கல்லே புள்ளி வச்சுக் குடுத்துருது கண்ணு"ங்கறாங்க. முறிஞ்ச கையாலதான் இழுக்கிறாங்க. கோடு கொஞ்சம் நடுங்குது. கால் தடுக்கலை.