சுட்ட படமா, சுடாத படமா?

டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். எங்க அண்ணி புதுச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்துல நூலகர். "தம்பி, நூலகச் சுவத்துல பாரதி கண்காட்சி வைக்கணும், படம் தேடிக் குடுங்க. சுட்ட படம் மட்டும் வேணாம், ஆண்டு மலர்லயும் அதையேதான் அச்சடிக்கப் போறோம்"னாங்க.

கவலை நியாயம்தான். வகுப்புல பாடம் நடத்த வாத்தியாருக்குச் சட்டமே சலுகை கொடுக்குது. அச்சடிச்சு ஊருக்குக் கொடுக்குற மலருக்கு அந்தச் சலுகையை நம்பி இறங்க முடியாது.

பாரதி பாட்டுக்குப் பிரச்சினையே இல்ல. 1949ல சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கி, 1955ல மக்களுக்குப் பொதுவாக்கிடுச்சு. படம்தான் இடிக்குது. கூகிளாண்டவர்கிட்ட கேட்டா முண்டாசும் கறுப்புக் கோட்டுமா கொட்டுறார். அந்த முகத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பினது ஆர்யா என்கிற பாஷ்யம் வரைஞ்ச ஓவியம். 1932 ஜனவரியில சென்னைக் கோட்டைக் கொடிமரத்துல ஏறி மூவர்ணக் கொடி கட்டினாரே, அதே ஆர்யாதான்! (அந்தக் கதையைத் தனியா எழுதணும்.) நம்ம சட்டப்படி ஓவியருக்கு ஆயுளும், அதுக்கு மேல 60 வருஷமும் உரிமை. பாரதி 1921லயே போயிட்டார். ஆர்யா சுதந்திரத்துக்கு அப்புறமும் பல பத்தாண்டு இருந்தவர். அதனால பாரதி பொதுச்சொத்துன்னு அந்த ஓவியத்தை எடுத்துக்க முடியாது.

நிஜ போட்டோக்களை விரல் விட்டு எண்ணிடலாம். செல்லம்மாவோட இங்க புதுச்சேரியில எடுத்தது, 1919ல காரைக்குடியில எடுத்தது... இதுக்கெல்லாம் காப்பிரைட் எப்பவோ முடிஞ்சாச்சு. விக்கிமீடியா காமன்ஸ்ல தேடினா கிடைக்கும், ஆனா ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருக்கிற உரிமக் குறிப்பைப் படிச்சே ஆகணும்.

மீதிக்குப் பசங்களையே கேமராவோட அனுப்புங்கன்னேன். கட்டடத்தையும், பொது இடத்துல நிரந்தரமா நிக்கிற சிலையையும் படமெடுத்து வெளியிடலாம், சட்டம் தடுக்கல. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதி குடியிருந்த வீடு, பாரதி பூங்கா ஆயி மண்டபம்னு அள்ளிட்டு வந்துட்டாங்க. கேமரா யாரு கையில இருந்ததோ அவங்க பேரு படத்துக்குக் கீழே. ஒரே சண்டை, "நான்தான் எடுத்தேன்"னு.

செல்லம்மாவோட நிக்கிற போட்டோவை நடுவுல மாட்டினாங்க. ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மிஸ், இவரு பாரதியார் மாதிரியே இல்லையே?"ன்னுச்சாம்.

அடுத்து ஏப்ரல் 29, பாரதிதாசன். 1964ல மறைஞ்சவர், பாட்டுக்கு இப்ப தடையில்ல. போட்டோ தேடுற வேலை மறுபடி என் தலையிலதான்.